மாட்டு ரத்தத்தின் சாட்சியம்

சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ஒருபுறம் கடலும் மறுபுறம் முட்டுக்காட்டுக் கழியுமாக அமைந்த கோவளத்துக்கு வருகிறவர்கள், தர்காவிலும் கார்மேல் மாதா கோயிலிலும் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு, கடற்கரையில் சிறிது பொழுது காற்று வாங்கிவிட்டுத் திரும்புகையில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் அசைபோட்டபடி படுத்திருக்கும் பசுக்களை, வண்டியை விலக்கி ஓட்டவேண்டிய இடைஞ்சல் என்பதற்கு மேலாக நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பசுக்களில் ஒன்றன் அருகே சென்று, காது மடலின் உட்புறத்தையும், மடிக்கும் தொடைக்கும் இடைப்பட்ட மெல்லிய தோலையும், வாலின் அடிப்புறத்தையும் உற்று நோக்குகிறவருக்கோ, பசுவைக் காட்டிலும் அதன்மேல் குடியிருக்கும் சிற்றுயிரே பெரிய விஷயமாகிவிடும். மிளகளவில் சிலவும், ரத்தம் குடித்து உப்பி மொச்சைக் கொட்டையளவில் சிலவுமாக, வாயுறுப்பைத் தோலுக்குள் ஊன்றிக்கொண்டு நெருங்கிக் கிடக்கும் உண்ணிகளை, மேய்ச்சலில் பின்னாலேயே நடந்துவரும் உண்ணிக்கொக்கும் தின்று தீர்ப்பதில்லை. மாலையில் மண்ணெண்ணெய்த் துணியோடு உட்காரும் வீட்டுக்காரியும் பிடுங்கித் தீர்ப்பதில்லை. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி தானாகவே தரையில் உதிர்ந்து, புல்லடியில் 2,000 முதல் 3,000 முட்டைகள்வரை இட்டுவிட்டு மடிகிறது என்றால், கையால் பிடுங்கும் கணக்கு எந்நாளும் நேராகாது என்பது விளங்கும்.

உண்ணி குடிக்கும் ரத்தம் நஷ்டந்தான். ஆனால் குடிக்கும்போது அது உமிழ்நீரோடு உள்ளே செலுத்தும் நுண்ணுயிர்களால் வரும் நஷ்டம் அதனினும் பன்மடங்கு பெரிது. நம் நாட்டு மாடுகளில் இவ்வகையில் முக்கியமானவை மூன்று. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மூத்திரம் காபி நிறத்தில் இறங்கும்படி செய்வது பபீசியா. முதலில் நிணநீர்க் கட்டிகளில் பெருகி, தோள் முன்புறத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வீங்கச் செய்து, பின்னர் சிவப்பணுக்களுக்குள் புகுவது தைலேரியா. சிவப்பணுவின் விளிம்போரமாக ஒரு கரும்புள்ளியாய் ஒட்டிக்கொண்டு, மாட்டை வெளுக்கவும் மெலியவும் வைப்பது அனபிளாஸ்மா என்னும் பாக்டீரியா. பபீசியாவைச் சுமக்கும் மாட்டு உண்ணி, குஞ்சுப் பருவம் தொடங்கி முதிரும்வரை ஒரே மாட்டின் மேல் மூன்று வாரம் வாழ்ந்து, கிருமியைத் தன் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிடுகிறது. தைலேரியாவைச் சுமக்கும் ஹயலோமா என்ற வேறொரு உண்ணியோ, கொட்டகைச் சுவரின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, பருவந்தோறும் மாடு மாறி ஏறுகிறது.

உண்ணியால் நோய் பரவும் என்ற உண்மை பிரத்யட்சமாக நிரூபிக்கப்பட்டது அமெரிக்காவில். அங்கே டெக்ஸாஸ் முதலான தென் மாகாணங்களிலிருந்து வடக்கே ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகள் தாங்கள் சுகமாக இருந்துகொண்டே, வழியிலிருந்த வடக்கத்தி மாடுகளைக் கூட்டங்கூட்டமாகச் சாகடித்தன. தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர், தெற்கத்தி மாடுகளை உண்ணிகளோடு ஒரு வயலிலும், உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகு வேறொரு வயலிலும் வடக்கத்தி மாடுகளுடன் கட்டி வைத்து, முதல் வயலில் மட்டுமே நோய் தோன்றியதைக் கண்டு, 1893-ஆம் ஆண்டில் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். ஒரு கணுக்காலியினம் நோயைச் சுமந்து பரப்பும் என்பதற்கு உலகில் கிடைத்த முதல் தெளிவான ருசுக்களில் இது ஒன்று. கொசுவையும் மலேரியாவையும் ரொனால்டு ராஸ் நம் நாட்டில் இணைத்துக் காட்டியது இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஆனால் நாம் இங்கே கவனிக்கவேண்டியது உண்ணியை அல்ல, அந்தத் தெற்கத்தி மாட்டை. அது நோயாளியா, ஆரோக்கியமானதா? காய்ச்சல் இல்லை, பால் குறையவில்லை, மேய்ச்சலில் சுணக்கம் இல்லை. ஆயினும் அதன் ரத்தத்தில் கிருமி இருந்தது. இந்தக் கேள்விக்கு விடை காண முயன்றதிலிருந்தே ரத்தச் சோதனைகளின் கதை ஆரம்பமாகிறது.

கால்நடை மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிவரும் ஒரு பெண்மணிக்கு இவ்வளவு தூரம் யோசிக்க அவகாசமில்லை. "சார், மாடு ரெண்டு நாளா தண்ணி குடிக்கல, ஊசியைப் போட்டு விட்டுடுங்களேன், ரத்தம் எதுக்கு சார் எடுக்குறீங்க?" என்று அவர் கேட்பதும், "கொஞ்சம் பொறும்மா, எந்தக் காய்ச்சல்னு தெரியாம எந்த ஊசியைப் போடுறது?" என்று டாக்டர் சொல்வதும் அன்றாடம் நடப்பவை. டாக்டரின் பதிலில் நியாயமிருக்கிறது. தைலேரியாவுக்குக் கொடுக்கும் புபார்வாகுவோன் பபீசியாவுக்கான மருந்தன்று. பபீசியாவுக்கான டிமினசீன் தைலேரியாவைக் குணப்படுத்தாது. அனபிளாஸ்மாவுக்கு வேண்டியது டெட்ராசைக்ளின். இவற்றுள் புபார்வாகுவோன் ஏழையின் கைக்கு எட்டாத விலையுடையது. ஆகவே காது நுனியின் சிறு நரம்பில் ஊசி முனையால் குத்தி, வந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் பார்ப்பது நூறாண்டு கடந்த வழக்கம். 1903-இல் வேப்பேரி டாபின் ஹாலில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒவ்வொரு தலைமுறையும் இந்தத் தகட்டின்மேல் குனிந்தே கண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கையில் தகடு உண்மையைச் சொல்லிவிடும். நோயிலிருந்து தேறி, கிருமியை மிகச் சொற்பமாகச் சுமந்துகொண்டு திரியும் மாட்டிலோ, ஆயிரக்கணக்கான சிவப்பணுக்களைப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாமற் போகலாம். தெற்கத்தி மாட்டின் ரகசியம் தகட்டுக்கு வசப்படுவதில்லை.

கிருமியை நேரே காண இயலாதபோது, அது வந்து போனதற்கு உடல் எழுதி வைத்திருக்கும் சாட்சியத்தைத் தேடுவது அடுத்த யுக்தி. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே புகுந்தவுடன், அதற்கென்றே உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள், அதாவது இப்போது பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் ஆன்டிபாடிகள், ரத்தத்தில் தோன்றி, நோய் தணிந்த பின்னும் பல மாதங்கள், சில சமயம் வருஷக்கணக்கில், நிலைத்திருக்கின்றன. கந்தூரி முடிந்தும் பிரிக்காமல் நிற்கும் பந்தலைப் பார்க்கிறவனுக்கு இங்கே விழா நடந்தது என்று தெரியுமேயன்றி, விழா நேற்று முடிந்ததா, சென்ற மாதமா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்பது தெரியாது. எதிர்ப்பொருளின் சாட்சியமும் அத்தகையதே. போதாக்குறைக்கு, நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் எதிர்ப்பொருள் தோன்றியே இராது. மாடு சாகக் கிடக்கும், சோதனை 'இல்லை' என்று சொல்லும். சீம்பால் குடித்த கன்றுக்குத் தாயின் எதிர்ப்பொருள் வந்து சேர்ந்திருக்கும். உண்ணி ஒன்றுகூடக் கடித்திராத கன்றைச் சோதனை 'உண்டு' என்று சொல்லும். தைலேரியாவுக்கு நம் நாட்டில் தயாராகும் ரக்ஷாவாக்-டி என்னும் உயிர்த் தடுப்பூசி போட்ட கலப்பின மாடும் அவ்வாறே 'உண்டு' பட்டியலில் சேர்ந்துவிடும்.

இத்தகைய சோதனைகளில் இன்று மிகுதியும் புழங்குவது எலிசா. 1971-இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட இந்த முறையை ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பது சுவாரசியமானது. மாட்டின் கழுத்து நரம்பில் எடுத்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் சாய்த்து வைத்தால், சிறிது நேரத்தில் அது உறைந்து சுருங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் பிரியும், அதுவே சீரம். உள்ளங்கையளவுப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், வரிசைக்கு 12 வீதம் 8 வரிசையாக 96 குழிகள். குழிகளின் அடியில் கிருமியின் புரதம் முன்னமே பூசப்பட்டிருக்கும். சீரத்தை நீர்த்து ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு விட்டு, காத்திருந்து, கழுவி, நொதி கட்டிய இரண்டாவது எதிர்ப்பொருளை விட்டு, மீண்டும் கழுவி, கடைசியில் நிறமூட்டும் திரவத்தை ஊற்றினால், எதிர்ப்பொருள் இருந்த குழிகள் நிறமேறத் தொடங்கும். சில ஆழ்ந்த நிறம் கொள்ளும்; சில தெளிந்தே இருக்கும்; வேறு சிலவோ, இதுவா அதுவா என்று சொல்லமுடியாத வெளிறிய சாயலில் நின்றுவிடும். நிறத்தின் அடர்த்தியைக் கருவி எண்ணாக அளந்து கொடுக்கும். ஆனால் எந்த எண்ணுக்கு மேலே 'உண்டு', எந்த எண்ணுக்குக் கீழே 'இல்லை' என்ற கோட்டைக் கருவி கிழிப்பதில்லை, மனிதன்தான் கிழிக்கவேண்டும்.

சோதனையை மதிப்பிடுவது என்ற சாஸ்திரம் முழுவதும் அந்தக் கோட்டைச் சுற்றியே வளர்ந்தது. கோட்டைத் தாழ்த்தினால் நோய் கண்ட மாடுகளில் தப்புவன குறையும், ஆனால் நோயற்றவை பல வீணாக மாட்டிக்கொள்ளும், உயர்த்தினால் நேர்மாறு. நோயுள்ளதைக் கண்டுபிடிக்கும் திறன் ஒன்று, நோயற்றதை விலக்கும் திறன் மற்றொன்று என இரண்டு அளவுகள் இருப்பதும், ஒன்றை விட்டுக்கொடுத்தே மற்றொன்றைப் பெறமுடியும் என்பதும் இதனால் வருவனவே. அனபிளாஸ்மாவுக்கென ஒரே ஒரு மேற்பரப்புப் புரதத்தை ஆதாரமாகக் கொண்டு அமைத்த போட்டி எலிசா என்னும் சோதனையை, 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் நிலைகொண்ட பிரதேசத்து மாடுகளிலேயே வைத்து மதிப்பிட்டு, கண்டுபிடிக்கும் திறன் 96 சதவீதம், விலக்கும் திறன் 95 சதவீதம் என்று கூறியது. இதே எதிர்ப்பொருளைத் தேட முன்பு வழங்கிய பழைய நிரப்புப்பொருள் சோதனை, நாள்பட்டுக் கிருமி சுமக்கும் மாடுகளைக் கோட்டைவிடுவதில் பேர்பெற்றது. அதோடு ஒப்பிட்டால் இவை உயர்ந்த மதிப்பெண்கள்தாம்.

உயர்ந்தவை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவதுதான் நம்மில் பலர் செய்யும் பிழை. இதே 96-ஐயும் 95-ஐயும் வைத்துக்கொண்டு இரண்டு மந்தைகளைக் கற்பனை செய்து பார்ப்போம். முதல் மந்தையில் 1,000 மாடுகள். கடற்கரைச் சாலையோரம் புதரிலும் புல்லிலும் மேய்ந்து, உண்ணியோடே வாழ்பவை. அவற்றுள் 600-க்கு நோய்த்தொற்று உண்டு. சோதனை அந்த 600-இல் 576-ஐச் சரியாகப் பிடிக்கும். மீதி 400-இல் 20-ஐ மட்டும் தவறாகப் பிடிக்கும். 'உண்டு' என வந்த 596 மாடுகளில் 20-தான் பொய். இரண்டாவது மந்தையிலும் 1,000 மாடுகள். கொட்டிலில் கட்டி, உண்ணி மருந்து தெளித்து வளர்க்கப்படுபவை. தொற்று 20-க்கு மட்டுமே. சோதனை அவற்றில் 19-ஐப் பிடிக்கும். ஆனால் நோயற்ற 980-இல் 49-ஐயும் சேர்த்தே பிடிக்கும். 'உண்டு' என வந்த 68-இல் 49 பொய்! அதே தட்டு, அதே சாயம், அதே கருவி. முதல் மந்தையில் அதன் வாக்கை நம்பி நடக்கலாம், இரண்டாவதில் அதன் வாக்கை நம்பி ஒரு மாட்டை விற்றுவிட்டவன் பெரும்பாலும் நல்ல மாட்டையே விற்றிருப்பான். சோதனைக்கென்று ஒட்டப்பட்ட சதவீதம் சோதனைக்கு மட்டும் உரியதன்று, அது எந்த மந்தையில் நடக்கிறதோ அந்த மந்தையையும் சார்ந்தது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே விஷயம். ரோகன், கிளாடன் என்ற இருவர் 1978-இல் தந்த எளிய சூத்திரம் ஒன்று, சோதனையில் தோன்றும் 6.8 சதவீதத்திலிருந்து உண்மையான 2 சதவீதத்தை மீட்டுத் தருகிறது. ஆனால் எந்த மாடுகள் அந்த 2 சதவீதம் என்று அதனால் சுட்டிக்காட்ட முடியாது.

இனி, இத்தகைய சதவீதங்கள் பொதுவாக எங்கிருந்து வருகின்றன என்று கேட்கவேண்டும். சோதனையைத் தேர்வு செய்ய, நோய் உண்டென்று நிச்சயமாய்த் தெரிந்த மாடுகள் சிலவும், இல்லையென்று நிச்சயமாய்த் தெரிந்தவை சிலவும் வேண்டும். முதலாவது கிடைக்கும், இரண்டாவதுதான் கடினம். உண்ணியில்லாத மாடு கோவளத்தில் எங்கே? திருப்போரூரில் எங்கே? தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இருந்த ஏறக்குறைய 95 லட்சம் மாடுகளில், பிறந்ததிலிருந்து உண்ணி கடிக்காதது என்று சத்தியம் செய்யத்தக்கது எது? ஆகவே ஆய்வாளர்கள் பலமுறை குளிர்நாட்டு மாடுகளின் சீரத்தை வரவழைத்து, அதை நோயற்றதற்கு மாதிரியாக வைத்துக் கோட்டைக் கிழித்துவிடுகிறார்கள். பனி பெய்யும் தேசத்தில் சுத்தமான கொட்டிலில் வளர்ந்த மாட்டின் சீரம் தெளிவாகத்தான் இருக்கும். நம் ஊர் மாடோ, குடற்புழு, ஈரல் தட்டைப்புழு, ஈ கடித்து வந்த வேறு கிருமிகள், நோய் தராத தைலேரியா இனங்கள் என்று எத்தனையோ அந்நியரைச் சந்தித்த எதிர்ப்பொருள்களோடு வருகிறது. அவற்றில் சில தட்டிலுள்ள புரதத்தோடு தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். குளிர்நாட்டுச் சீரத்தைக்கொண்டு 95 என்று கணித்த விலக்கும் திறன், செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்த 95-ஆகவே இருக்குமென்று எதிர்பார்க்க இடமில்லை. மறுபுறத்திலும் இதே தொல்லையுண்டு: ஊசியால் கிருமி ஏற்றி நோயுண்டாக்கிய கன்றுகளின் சீரத்தில் எதிர்ப்பொருள் ததும்பி நிற்கும், அவற்றை வைத்துத் தேறிய சோதனை, ஐந்து வருஷத்துக்கு முன் நோய் கண்டு இன்று சொற்ப எதிர்ப்பொருளோடு உலவும் கிழப்பசுவின் முன் தடுமாறும். சுலபமான கேள்வித்தாளை வைத்து மாணவனை முதல் வகுப்பில் தேற்றிவிடும் உபாத்தியாயர்கள் ஆய்வுக்கூடங்களிலும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தவே பாரிஸில் உள்ள உலக விலங்கு நல அமைப்பு, ஒரு சோதனையின் மதிப்பீட்டை நான்கு படிகளாக வகுத்திருக்கிறது: ஆய்வுக்கூடத்தில் அதன் நுண்மை, தெரிந்த மாடுகளில் அதன் திறன், வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் ஒரே விடை வருகிறதா என்பது, கடைசியாக நடைமுறையில் அது நின்று பிடிக்கிறதா என்பது. இந்த அமைப்பு பிறந்த வரலாற்றில் நம் தேசத்து மாடு ஒன்று குறுக்கே வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆன்ட்வெர்ப் வணிகர்களின் பணத்தோடு நடந்த ஆஸ்டெண்ட் கம்பெனி இதே கோவளத்தில் பண்டகசாலை வைத்திருந்தது. இருநூறு வருஷம் கழித்து, 1920-இல், இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள் அந்த ஆன்ட்வெர்ப் துறைமுகத்தின் வழியாகச் சென்றபோது, பெல்ஜியத்தில் மாட்டு வெக்கைநோய் பரவிற்று. அந்தப் பீதியே 1924-இல் 28 நாடுகள் கூடி இந்த அமைப்பை நிறுவக் காரணமாயிற்று. நம் மாடுகள் வெளிநாட்டுக்கு நோயை மட்டும் கொண்டுபோகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாடுகள் பிரேசிலில் 'நெலோர்' என்ற பெயரோடு பெருகியதற்கு, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் அவற்றின் தோலே காரணம். நாட்டு மாட்டைக் கைவிட்டு ஜெர்சிக் கலப்பை வாங்கிக்கொண்ட நமக்கு, அந்தத் தோலின் அருமை காலங்கடந்தே தெரிகிறது.

எதிர்ப்பொருள் சோதனை ஒரு தனி மாட்டைப்பற்றி இவ்வளவு தயங்கித் தயங்கிப் பேசுவதாயிருந்தால், அதனால் பிரயோஜனம் என்ன என்று கேட்கலாம். பிரயோஜனம் மந்தையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மஹோனி, ராஸ் என்பவர்கள் 1972-இல் விளக்கியது இது. பபீசியா இளங்கன்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்குள் கிருமியைச் சந்தித்த கன்று, லேசான நோயோடு தப்பி, ஆயுள் முழுவதும் ஓரளவு பாதுகாப்புப் பெறுகிறது. சந்திக்காமலே வளர்ந்த கிடேரிதான் பிறகு கடிபட்டால் செத்துவிழுகிறது. எனவே ஒரு மந்தையில் ஏறக்குறைய எல்லாக் கன்றுகளும் அந்த வயதுக்குள் 'உண்டு' என்று வந்தால் அங்கே பயமில்லை, ஒன்றுகூட 'உண்டு' என்று வராவிட்டாலும் பயமில்லை. பாதிக் கன்றுகள் மட்டும் வந்தால்தான் ஆபத்து. அரைகுறையாக உண்ணி மருந்து தெளித்து, உண்ணியைக் குறைத்துவிட்டோமே தவிர ஒழிக்கவில்லை என்றிருக்கும் பண்ணைக்காரர், தம் மந்தையை இந்த நடுநிலையில் கொண்டுவந்து நிறுத்திவிடக்கூடும். சீம்பால் தந்த எதிர்ப்பொருள் மறைந்த பருவத்துக் கன்றுகளில் சிலவற்றைத் தேர்ந்து சீரம் எடுத்து எலிசாவில் ஓட்டினால், அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்; அங்கே ஓரிரு மாட்டில் சோதனை பிசகினாலும் கணக்கு பெரிதாய்ப் பிசகுவதில்லை.

நோயற்ற மாடே கிடைக்காத ஊரில் சோதனையை எப்படித் தேர்வு செய்வது என்ற சிக்கலுக்கும் புள்ளியியல் ஒரு வழி கண்டிருக்கிறது. ஹூய், வால்ட்டர் என்ற இருவர் 1980-இல் காட்டியது: எந்த மாடு நோயுற்றது என்று முன்கூட்டித் தெரியாவிட்டாலும், நோய்ப்பரவல் வேறுபட்ட இரண்டு மந்தைகளில் இரண்டு வெவ்வேறு சோதனைகளை ஒருங்கே நடத்தி, அவை எத்தனை மாடுகளில் ஒத்துப்போகின்றன, எத்தனையில் முரண்படுகின்றன என்று எண்ணினால், இரு சோதனைகளின் திறன்களையும் இரு மந்தைகளின் உண்மைப் பரவலையும் ஒரே கணக்கில் வருவித்துவிடலாம். சாலையோரம் மேயும் மாடுகள் ஒரு மந்தை, தாம்பரத்துக்கு அப்பால் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் நடத்துவதுபோல ஒழுங்காகப் பராமரிக்கப்படும் பண்ணை ஒன்றன் மாடுகள் இன்னொரு மந்தை என்று கொண்டால், இந்த வட்டாரத்திலேயே அதற்கு வேண்டிய வேறுபாடு அமைந்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: இரு சோதனைகளும் ஒரே மாதிரித் தவறக்கூடாது. எலிசாவையும், ஒளிரும் சாயத்தால் பார்க்கும் மற்றொரு எதிர்ப்பொருள் சோதனையையும் ஜோடி சேர்த்தால், இரண்டும் எதிர்ப்பொருளையே நம்புவதால், புதிதாய் நோயுற்ற மாட்டை இரண்டும் சேர்ந்தே கோட்டைவிடும், சீம்பால் கன்றின்மேல் இரண்டும் சேர்ந்தே பழிசுமத்தும். அவற்றின் ஒற்றுமையைக் கண்டு கணக்கு ஏமாந்து, இரண்டுக்கும் மிகை மதிப்பெண் போட்டுவிடும். கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனையை எலிசாவோடு இணைப்பது இதனால்தான். அதற்கும் குறையுண்டு, கிருமி ரத்தத்தில் மிகக் குறைந்துபோன நாளில் அது காலியாகவே திரும்பும். ஆயினும் அது தவறும் விதம் வேறு, எலிசா தவறும் விதம் வேறு.

மருந்தகத்துத் திண்ணையில் காத்திருக்கும் பெண்மணியின் மாட்டுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் உடனே தேவைப்படுவதில்லை. அதற்குக் காய்ச்சல் 105 டிகிரி, தோள்கட்டி வீங்கியிருக்கிறது என்றால், காதிலிருந்து ஒரு தகடும், கட்டியில் ஊசி செலுத்தி எடுத்த நீரில் இன்னொரு தகடும் போட்டு, அதில் தைலேரியாவின் நீலத் திட்டுக்கள் தென்பட்டால் அன்றைக்கே புபார்வாகுவோனைக் கழுத்துத் தசையில் ஆழமாகப் போட்டுவிடுவார் டாக்டர். அதே மாட்டின் சீரத்தை ஐஸ் பெட்டியில் வைத்து வேப்பேரிக்கு அனுப்பினால், அது பக்கத்து வீட்டு மாடுகளின் சீரங்களோடு ஒரே தட்டில் ஓடி, அந்தத் தெருவில் எத்தனை மாடுகள் தைலேரியாவைக் கண்டிருக்கின்றன என்ற வேறொரு கேள்விக்குச் சில நாள் கழித்துப் பதில் கொண்டுவரும்.